முப்பத்து நான்கு வீடுகள், ஒரே பெயர்

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தலை நரைத்து, பிரிவு உபசாரச் சால்வை போர்த்திக்கொண்ட பிறகுதான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. பெரியவள் எல்.கே.ஜி. போகிறாள். சின்னது வயிற்றில் ஏழு மாதம். அடுத்த மாதத்தோடு இந்த வேலையை விடுகிறேன். விடுவது சரிதானா என்று காலையில் ஒரு முடிவும் மாலையில் ஒரு முடிவுமாகத்தான் இன்னும் இருக்கிறேன். ஆனால் கடிதம் கொடுத்தாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். போனைத் திறப்பது, மூடுவது, மென்பொருள் ஏற்றுவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அங்கே சொல்லித் தராத ஒன்றை நான் எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது நம் கம்பெனி கைபேசி மட்டும்தான் செய்தது. தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையில் உள்ள இந்தச் சேவை மையத்துக்கு வருகிறவர்கள் பேட்டரி, சார்ஜர், உடைந்த திரை என்று வருவார்கள், சரி செய்து அனுப்புவோம். என் இரண்டாவது வருடத்தில் கிண்டி அலுவலகத்தில் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்கள்: இனி நாம் போன் விற்கிற கம்பெனி மட்டும் இல்லை, இணையச் சேவை தருகிற கம்பெனி. போன் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஈமெயில், பாட்டு, வரைபடம். எல்லாவற்றுக்கும் மேலே, போனில் சேமித்திருக்கும் பெயர்களையும் எண்களையும் இணையத்தில் ஒரு பிரதி எடுத்து வைக்கும் வசதி. போன் தொலைந்தாலும் எண்கள் தொலையாது. கைதட்டினோம். நானும் மனதாரத்தான் தட்டினேன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில், ரயில்வே கலாசித் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, கம்ப்யூட்டர் படித்தவள் நான். இணையம் என்ற ஒன்றை என் பக்கத்து ஜனங்களுக்கு நான்தான் கையில் கொடுக்கப்போகிறேன் என்று அன்று பேருந்தில் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன்.

நடைமுறை வேறு மாதிரி இருந்தது. பதிவுப் படிவத்தில் குடும்பப் பெயர் எழுதாமல் அடுத்த பக்கம் போக முடியாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “என் பேரு போட்டாச்சு, எங்க நைனா பேரு போட்டாச்சு. இன்னும் எவன் பேர்மா வோணும் உன் கம்பூட்டருக்கு?” அவருடைய தெருப் பெயரைப் போட்டு முடித்தேன். எங்கேயோ உட்கார்ந்து நம்மைப் பார்க்காமல் செய்த படிவம் அது. அதை அன்றே நான் நன்றாக யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கஸ்தூரி வந்தது மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி வாரத்தில். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, ராயபுரத்துத் தெருக்களில் வீடு வீடாகக் கொடுக்கிறவள். என் வயதுதான் இருக்கும். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த ஒன்றரை மாதமும் அவளுக்கு வியாபாரம் பாதிதான். அந்த ஓய்வில் போனைச் சரி செய்ய வந்திருந்தாள். மீன் தண்ணீர் இறங்கி, பாதிப் பொத்தான்கள் வேலை செய்யவில்லை.

“போட்டுங்க கடலுக்குப் போய் திரும்பி வர்றதுக்குள்ள குட்த்துருவியா?” என்று கேட்டாள். “மொத மீனு எறங்க சொல்ல என் கைல போன் இருக்கணும். அது இல்லாங்காட்டி நான் ஏலத்துல நின்னு இன்னா பண்ணுவேன்?”

அவளுடைய தொழில் முறை எனக்கு அப்போது தெரியாது. இப்போது சொல்கிறேன், அது தெரிந்தால்தான் நான் செய்தது புரியும். அவள் ஏலத்தில் மீனை எடுத்துவிட்டு ஆள் தேடுவதில்லை. என்ன மீன் வந்திருக்கிறது என்று பார்த்ததும் அங்கிருந்தே தன் வாடிக்கை வீடுகளுக்குப் போன் செய்வாள். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் கை தூக்குவாள். அதனால் அவள் கூடையில் மிஞ்சும் மீன் என்று ஒன்று இருக்காது.

மென்பொருளைப் புதிதாக ஏற்ற வேண்டும், ஏற்றினால் போனில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும் என்றேன். அவள் முகம் மாறியது. நான் சிரித்துக்கொண்டே புதிய சேவையைப் பற்றிச் சொன்னேன். “கவலைப்படாதீங்க. உங்க நம்பர் எல்லாத்தையும் இன்டர்நெட்டில் பத்திரமா வெச்சு, திரும்பப் போட்டுத் தருவேன்.”

“பத்ரமா கீதுமா?”

“என் பொறுப்பு,” என்றேன். இந்த இரண்டு வார்த்தையை நீங்கள் மேசையில் உட்கார்ந்து எத்தனை முறை சொல்லப்போகிறீர்களோ, எனக்குத் தெரியாது. சொல்லும்போது ஒரு நொடி நிறுத்திச் சொல்லுங்கள். அவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும்.

எண்களை இணையத்துக்கு ஏற்றினேன். முப்பத்து நான்கு பேர். எல்லார் பெயரும் ஒரே எழுத்து: ‘அ’. முப்பத்து நான்கு ‘அ’. பெயர் இல்லாமல் எண்ணைச் சேமிக்க அந்தப் போன் விடாது. அதனால் யாரோ எதையோ அழுத்தி வைத்திருக்கிறார்கள், பாவம், ஒழுங்கு தெரியவில்லை என்று நினைத்தேன். திரையின் ஓரத்தில் ‘ஒழுங்குபடுத்து’ என்று ஒரு பொத்தான் இருந்தது. பயிற்சியில் அதைத்தான் பெரிதாகக் காட்டினார்கள். அழுத்தினேன். பட்டியல் சுருங்கி ஒரே வரியாக, சுத்தமாக நின்றது. போனில் மென்பொருளை ஏற்றி, அந்தப் பட்டியலைத் திரும்பப் போட்டேன். மதியம் மூன்று மணி. வீட்டில் பத்து மாதக் குழந்தைக்குச் சளி, மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஒரு வேலை சுத்தமாக முடிந்ததில் மனதுக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை கஸ்தூரி போனை வாங்கி, திரையைப் பார்க்காமலே கட்டைவிரலால் கீழே போகும் பொத்தானை அழுத்தினாள். மீண்டும் அழுத்தினாள். பிறகு பார்த்தாள்.

“இன்னாமே இது? என் வூடுங்கள்லாம் எங்க?”

“வீடா?”

“வூடுமே, வூடு! கீய கீய அமுக்கிகினு போனா ஒண்ணொண்ணா வருமே. மொத வூடு, ரெண்டாவது வூடு, மூணாவது மாடி வூடு... இப்ப ஒண்ணே ஒண்ணுதான் கீது!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. சுற்றிலும் ஏலக் கூச்சல், கையில் ஈரம், கண் மீன்மேல். திரையைப் பார்த்து ஆளைத் தேடுவது அவளால் ஆகாது. ஆகவே தான் நடக்கும் தெரு வரிசையிலேயே எண்களைச் சேமித்திருந்தாள். முதல் வீடு முதலில், கல்மண்டபம் பக்கத்துக் கடைசி வீடு கடைசியில். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்பதால் சேமித்த வரிசை கலையாமல் நின்றது. எத்தனை முறை அழுத்தினால் எந்த வீடு என்பது அவள் விரலுக்குத் தெரியும். நான் பரிதாபப்பட்ட அந்தப் பட்டியல் ஒரு தெருவின் வரைபடம். நம் கம்பெனி விற்ற வரைபடத்தைவிடச் சரியானது.

எங்கள் சேவையோ, ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டது. ஒரு ஆளுக்கு ஐந்து எண்களுக்கு மேல் இடமில்லை. ஐந்தை வைத்துக்கொண்டு மீதி இருபத்தொன்பதையும் தள்ளிவிட்டது.

“ஒரு நிமிஷம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். உதவிக் குழுவை அழைத்தேன். பழைய பிரதியின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிட்டது, மீட்க வழியில்லை என்றார்கள். மேலாளரை அழைத்தேன். அவர் பதற்றப்படவே இல்லை.

“படிவத்தில் கையெழுத்து இருக்குல்ல? தகவல் இழப்புக்கு நாங்க பொறுப்பில்லைன்னு அதிலேயே இருக்கு. தண்ணி பட்ட போன், மெமரி போயிடுச்சுன்னு சொல்லு. நம்புவாங்க.”

“சார், மெமரி போகலை. நான்தான்...”

“நீதான்னு யார் கேட்டா? புது சர்வீஸ். முதல் மாசமே புகார்னு மேல போனா எனக்கும் நல்லதில்லை, உனக்கும் நல்லதில்லை. உன் கான்ட்ராக்ட் நீட்டிப்பு என் மேசைமேலதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ.”

பின்னறையில் போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். கணவருக்கு மணலியில் ஷிப்ட் வேலை. என் சம்பளம் இல்லாமல் என்ன ஆகும் என்று மனம் ஓடியது. குழந்தைக்கு ஊசி போடும் நாள், வாடகை, மாமியார் என்ன சொல்வார் என்று ஒன்றின் பின் ஒன்றாக வந்தது. மேலாளர் சொன்னதில் சட்டப்படி தவறில்லையே என்றும் தோன்றியது. அவள் நம்பித்தான் இருப்பாள். போனில் மீன் தண்ணீர் இறங்கியதும் உண்மைதானே. இப்படி ஒவ்வொரு பக்கமும் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். எனக்கு அது எப்போதும் கைவந்த கலை.

என்னை வெளியே தள்ளியது பெரிய நேர்மை ஒன்றுமில்லை. கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்தேன். அந்த ஒரே ஒரு ‘அ’வை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள், அழுத்த அழுத்த வீடுகள் வந்துவிடும் என்பது போல.

மேசைக்கு வந்தேன். மேசையில் உட்கார்ந்து பேசும்போது புத்தகத் தமிழ்போலப் பேச வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி. அன்று என் வாயில் வந்தது வியாசர்பாடித் தமிழ்.

“கஸ்தூரி, போன் மேல தப்பு இல்ல. நான்தான் அய்ச்சிட்டேன். எல்லாம் ஒரே பேரா கீதேன்னு ஒயுங்கு பண்றேன்னு ஒரு பட்டன அமுக்கிட்டேன். திரும்பி வராது.”

கடையே திரும்பிப் பார்த்தது.

“ஒயுங்கு பண்ணியா?” என்றாள். “ஒயுங்கா இருந்தத்த ஒயுங்கு பண்ணியா? உன்ன யார்மே கேட்டா? இந்த வூட்டுக்கு ஒண்ணு, அந்த வூட்டுக்கு ஒண்ணுன்னு எட்டு வருசமா சேத்தது. நாளான்னிக்கு போட்டு வந்துரும். நான் போன் பண்லன்னா அவுங்க வேற ஆள்கிட்ட வாங்கிப்பாங்க. ஒரு தபா வேற ஆள்கிட்ட போன வூடு திரும்பி வருமா? படிச்சிகிறியே, சொல்லு!”

“நாளைக்கு நான் லீவு போடறேன்,” என்றேன். “உன் கூட வர்றேன். முப்பத்து நாலு வூட்டுக்கும் போலாம். ஒண்ணொண்ணா கேட்டு வாங்கி, நீ வெச்சிருந்த மாதிரியே போட்டுத் தர்றேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அந்தச் செருப்போட வராத,” என்றாள். “பாதி தெருவுக்குத் தாங்காது.”

மாமியாரிடம் சொன்னபோது, “லீவு போட்டுட்டு மீன்காரி கூட தெரு சுத்தப் போறியா? புள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு,” என்றார். நியாயம்தான். இரண்டு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்றேன். காசிமேட்டில் பேருந்து இறங்கும்வரை திரும்பிவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வீட்டில் ஒரு பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார், “யாரு கஸ்தூரி அது, உன் நாத்தனாரா?”

“கம்பெனி மேடம். என் வூடுங்களல்லாம் துன்னுட்ச்சு. இப்ப ஒண்ணொண்ணா வாந்தி எடுக்க வெக்கிறேன். உன் நம்பர சொல்லு.”

ஒவ்வொரு வீட்டிலும் இதே அறிமுகம். நான் தலை குனிந்தபடி எண்ணை எழுதிக்கொண்டேன். நான்காவது வீட்டில் ஒரு பெரியவர் எண் தர மறுத்தார். கம்பெனிக்காரர்களிடம் கொடுத்தால் விளம்பரச் செய்தி கொட்டும் என்றார். அவர் கண் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைமேல் இருந்தது. அதைக் கழற்றிப் பையில் போட்டேன். இந்த எண் இந்தப் போனைத் தவிர வேறெங்கும் போகாது என்று அவருக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, இணையத்தில் ஏற்றாமல் இருப்பதுதான் இதற்குப் பொருள் என்று உறைத்தது. சரி, ஏற்ற வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். இணையச் சேவைக்கு ஆள் சேர்க்க வைத்திருந்தவள் செய்த முடிவு அது. இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை.

ஏழெட்டு வீடு தாண்டியதும் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தேன். மறுபடியும் எல்லாவற்றுக்கும் ‘அ’ என்று போட்டால், நாளைக்கு வேறொரு மேசையில் வேறொருத்தி இதே பொத்தானை அழுத்துவாள்.

“கஸ்தூரி, எண்ணு படிப்பியா?”

“இன்னா கேள்வி இது? எண்ணு தெரியாம மீன் விப்பாங்களா?”

“அப்ப வூட்டுக்குப் பேரு வேணாம். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணையே பேரா போடுவோம். பொத்தான கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிச்சா எண்ணு வரும். வரிசை அப்டியே நிக்கும். எவளும் ஒண்ணாச் சேக்க முடியாது.”

அவள் போனை வாங்கி, தானே அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். திரையில் எண் வந்தது. “அடிப்பாவி, இத்தினி வருசம் எவனும் சொல்லலியே,” என்றாள். அன்று முழுக்க அவள் என்னைத் திட்டாமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

பதினேழாவது வீடு பூட்டியிருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள், பள்ளி திறக்கும்போது வருவார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்றேன்.

“உட முடியாதுமே. நான் எங்க பாத்து அமுக்கறேன்? வெரலு எண்ணிகினு போவும். ஒண்ண உட்டா, பதினெட்டு பதினேயாய்டும், அப்பால எல்லாமே ராங்கு.”

இடத்தைக் காலியாக வைக்க போன் விடாது, ஓர் எண் வேண்டும். யோசித்துப் பார்த்து, அவர்கள் திரும்பி வரும்வரை இருக்கட்டும் என்று பதினேழுக்கு என் எண்ணையே போட்டேன்.

முடிக்கும்போது மணி ஒன்றரை. கால் எரிந்தது. வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்ட பிறகும் மனம் அடங்கவில்லை. இருபத்து மூன்றும் இருபத்து நான்கும் மாறிப் போயிருக்குமோ? எழுதும்போது ஓர் எண்ணில் தவறு செய்திருந்தால்? என் போனில் அதே மாதிரி பத்துப் பெயர்களைப் போட்டு வரிசை நிற்கிறதா என்று சோதித்துப் பார்த்தேன். நின்றது. இருந்தாலும் நம்பவில்லை.

அலுவலகத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம் எழுதி, மேலாளருக்கும் சேவையை உருவாக்கும் குழுவுக்கும் அனுப்பினேன். ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் என்று கொள்ளக் கூடாது, சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டும், கேட்டதற்குப் பதிலாக எதுவும் அழுத்தாவிட்டால் சேர்க்கக் கூடாது என்று எழுதினேன். அந்த வருடம் என் ஒப்பந்தத்தை வழக்கம்போல ஒரு வருடத்துக்கு நீட்டவில்லை, மூன்று மாதத்துக்குத்தான் நீட்டினார்கள். அந்த மூன்று மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை. அதை உங்களிடம் மறைத்து, உண்மை சொன்னால் உடனே நல்லது நடக்கும் என்று கதை விட மாட்டேன். ஆனால் அடுத்த பதிப்பு வந்தபோது அந்தப் பொத்தானை அழுத்தியதும் ஒரு கேள்வி வந்தது: ‘இவர்கள் ஒரே ஆளா, வேறு வேறு ஆட்களா?’ தமிழ் வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. நீங்கள் தினமும் பார்க்கிற திரைதான் அது. அடுத்த முறை அந்தக் கேள்வி வரும்போது, நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள். எதிரில் நிற்கிறவரிடம் கேளுங்கள்.

கஸ்தூரியுடன் தெரு சுற்றிய மறுநாள்தான் படகுகள் திரும்பின. விடியற்காலையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பின்னால் ஏலக் கூச்சல், காக்கை, யாரோ ஐஸ் உடைக்கும் சத்தம்.

“இன்னா, முய்ச்சிகினு கீறியா?” கஸ்தூரியின் குரல்.

“இன்னா ஆச்சு? மாறிப்போச்சா? எந்த வூடு?”

“எதுவும் மாறல. பதினாறு வூடு பேசிட்டேன். பதினாறும் கரீட்டு. ஒருத்தர்கூட வேற ஆள்கிட்ட சொல்லல. இப்ப பதினேயு.”

“பதினேழு பூட்டின வூடு. அது என் நம்பரு.”

“தெரியும்மே. நம்பரு கீதுல்ல, அப்ப அது வூடுதான். வஞ்சரம் கீது, எறா கீது. ஏலம் ஓடிகினு கீது, சீக்கிரம் சொல்லு.”

மாமியார் தலையைத் தூக்கி யார் என்று சைகையில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. “எறா,” என்றேன். “அரை கிலோ.”

“கடைக்கு எத்துகினு வர்றேன். சரி, போன வைமே. பதினெட்டு காத்துகினு கீது.”